நன்னன் ஊருக்கு வழி

ரோம் நகரத்துக்கு முதன்முறையாகப் போகிற ஒருவரைக் கவனித்துப் பார்த்தால் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். விசாவுக்கு விண்ணப்பம், பேங்க் ஸ்டேட்மென்ட், பயணக் காப்பீடு. கொலோசியத்துக்குள் எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போவது என்று நேரம் குறித்த டிக்கெட். வாடிகன் தேவாலயத்துக்குள் தோளும் முட்டியும் மூடிக்கொண்டுதான் போக வேண்டும் என்கிற தகவல். எந்தத் தெருக்குழாயில் குடிதண்ணீர் பிடிக்கலாம் என்பது வரைக்கும் படித்து வைத்திருப்பார். கூடவே ஜூலியஸ் சீசர் பற்றி ஒரு புத்தகம், 'கிளாடியேட்டர்' படம் இன்னொரு தடவை.

அதே ஆள் ஜவ்வாது மலைக்குப் போகிறார் என்றால்? வியாழக்கிழமை ராத்திரி வாட்ஸப்பில் ஒரு குழு. ஞாயிறு விடியற்காலை பைக். வழியில் பிரியாணி பார்சல். பீமன் நீர்வீழ்ச்சியில் ஒரு குளியல், ஜமுனாமரத்தூர் ஏரியில் ஒரு படகுச் சவாரி, கொண்டை ஊசி வளைவில் பத்து போட்டோ. பொழுது சாய்வதற்குள் இறக்கம். திங்கட்கிழமை வகுப்பில் தீர்ப்பு: "அங்க ஒண்ணும் பெருசா இல்ல மச்சி."

இந்தத் தீர்ப்பு தப்பு. தப்புக்குக் காரணம் மலை இல்லை, திட்டம். ஒரு பழைய தலைநகரத்துக்குப் போகிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் போய் வந்தால் வேறு எந்தத் தீர்ப்பும் வராது.

'தலைநகரமா? ஜவ்வாது மலையிலா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மலைமேல் இல்லை. மலையடிவாரத்தில். அதுவும் ஒன்றில்லை, இரண்டு.

முதல் தலைநகரம்: படவேடு

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், போளூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவே சந்தவாசலிலிருந்து உள்ளே திரும்பினால் படவேடு. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஜனங்கள் திரள் திரளாக வருவதால் ஊர்ப் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஊரின் பழைய பெயர் படைவீடு. படை தங்கிய இடம், அரசன் இருக்கும் இடம் என்று பொருள். சம்புவராயர்களின் தலைநகரம் அது.

சம்புவராயர்கள் சோழர்களுக்குக் கீழே குறுநில மன்னர்களாக இருந்தவர்கள். சோழர் ஆட்சி முடிந்து, தெற்கே பெரிய அரசுகள் எல்லாம் ஆட்டம் கண்ட 14ஆம் நூற்றாண்டில் தனியரசாகத் தலையெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர் வென்றுமண்கொண்டார். பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது. அவருக்குப் பின் ராஜநாராயண சம்புவராயர். 1360ஐ ஒட்டி விஜயநகரத்து புக்கரின் மகன் குமார கம்பணர் படையெடுத்து வந்து, படைவீட்டை ஒட்டிய ராஜகம்பீரன் மலைக் கோட்டையை முற்றுகையிட்டுச் சம்புவராயரை வென்றார். அந்தப் படையெடுப்பைக் கம்பணரின் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்று சமஸ்கிருதத்தில் காவியமாகவே எழுதிவிட்டார். அந்தக் காவியத்தின் ஓலைச்சுவடி 1916ல்தான் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் விஜயநகர ஆட்சியில் இந்தப் பகுதிக்குப் படைவீட்டு ராஜ்யம் என்றுதான் பெயர்.

இன்றைக்கு அங்கே போனால் என்ன தெரியும்? வாழைத்தோப்பு, நெல் வயல், கமண்டல நாகநதி, சுற்றிலும் மலை. அரண்மனை கிடையாது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. அதே பத்தாண்டில் மண்மூடியும் சிதைந்தும் கிடந்த கோயில்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டப்பட்டன. டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் அந்தத் திருப்பணியில் முன்னின்றார். யோக ராமர் கோயிலில் ராமர் வில்லும் கையுமாக நிற்கவில்லை. உட்கார்ந்து ஞான முத்திரை காட்டுகிறார், எதிரே அனுமன் ஓலைச்சுவடி வாசிக்கிறார். இப்படி ஒரு ராமரைப் பார்க்கிற வாய்ப்பு ரொம்பவும் அரிது. ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறும் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்தக் கோயிலுக்குப் போவதில்லை.

இரண்டாவது தலைநகரம்: செங்கம்

மலையின் தெற்கு அடிவாரத்தில், திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் இருக்கிறது செங்கம். சங்க இலக்கியத்தில் அதன் பெயர் செங்கண்மா. நன்னன் சேய் நன்னன் என்கிற குறுநில மன்னனின் ஊர். இந்த ஊருக்கு முதன்முறை போகிறவர்களுக்காகவே 583 அடிகளில் ஒரு வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. பெயர் மலைபடுகடாம். எழுதியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார்.

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஒரு மதிப்பெண் வினாவுக்காக 'கூத்தராற்றுப்படை எனப்படுவது எது?' என்று மனப்பாடம் செய்து மறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அது ஒரு பயணத் திட்டம் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் ஒரு கூத்தர், வறுமையில் எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தை நிறுத்தி, 'நீங்களும் போங்கள், வழி இப்படி' என்று சொல்வதுதான் மொத்தப் பாட்டும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படைதான். அதாவது சரிபாதி! ஒரு சமூகம் தன் சிறந்த நெடும்பாட்டுகளில் பாதியை 'இந்த ஊருக்கு எப்படிப் போவது' என்பதற்காகச் செலவு செய்திருக்கிறது.

மத்தியதரைக் கடல் பக்கம் பார்த்தால், 2ஆம் நூற்றாண்டில் பாசனியாஸ் என்பவர் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து பத்துப் புத்தகங்களாக எழுதினார். ஏதென்ஸ் இருக்கும் அட்டிகாவில்தான் ஆரம்பிப்பார். 12ஆம் நூற்றாண்டில் ரோமுக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு 'ரோம் நகரின் அற்புதங்கள்' என்ற பொருளில் ஒரு லத்தீன் கையேடு இருந்தது. இரண்டிலும் முக்கியமான விஷயம் அங்கே என்ன இருக்கிறது என்பது. கோயில், சிலை, தூண், அதன் கதை.

மலைபடுகடாம் வேறு மாதிரி. அதில் ஊர் கடைசியில்தான் வரும். பெரும்பகுதி வழி. எங்கே தங்கலாம், எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும், எங்கே காலை இடறும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும்... இதுதான் பட்டியல். பாட்டின் ஆரம்பத்திலேயே 'இன்னின்னதெல்லாம் சொல்லப் போகிறேன்' என்று பொருளடக்கம் மாதிரி ஒன்று வருகிறது. வழியின் தன்மை, தங்குமிடம், உணவு, மலை, நன்னனின் கொடை, அவன் அவை, காரியுண்டிக் கடவுள், சேயாறு, மதில், ஊர். இதைவிட நல்ல ப்ளானிங் லிஸ்ட் எந்த டிராவல் கம்பெனியும் தந்ததாகத் தெரியவில்லை.

பாட்டு சொல்லும் எச்சரிக்கைகள்

சில மட்டும். தினைப்புனத்தில் காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் போகாதே, விடிந்த பிறகு போ. பாம்பு இருக்கும் குழிகள் உண்டு, பார்த்து நட. யானையை விரட்டக் கவணில் கல் எறிவார்கள், அந்தக் கல் மேலே படாமல் மரத்தை மறைவாக வைத்துக்கொண்டு போ. சுனைக்கரை வழுக்கும், பிடித்துக்கொண்டு போ. இரவானால் குகையில் தங்கு. வழியில் நடுகல் வந்தால் வணங்கிவிட்டுப் போ. காட்டில் இருக்கிறவர்களிடம் நன்னன் ஊருக்குப் போவதாகச் சொல், சொந்தக்காரர் மாதிரி கவனித்துக்கொள்வார்கள். தினையும் தேனும் மூங்கிலரிசியும் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் அழகானது ஒன்று. பாதை பிரியும் இடத்தில் புல்லை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் போ. பின்னால் வருகிறவர்கள் வழி தவறக்கூடாது.

கூகுள் மேப் இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மலைச்சாலையில் பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. சுனைக்கரையும் அருவிப் பாறையும் இன்றைக்கும் அதே மாதிரிதான் வழுக்கும். அருவியில் வழுக்கி விழுந்த செய்தி தமிழ்நாட்டில் ஒவ்வொரு விடுமுறைக்கும் எங்காவது ஓரிடத்திலிருந்து வருகிறது. ஊருக்குப் புதியவர்கள் உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதில் பாதி நடந்திருக்காது. 'போகுமுன் கேள்' என்பதுதான் மலைபடுகடாமின் முதல் பாடம்.

எதுவும் இல்லாத ஊருக்கு எதற்கு இவ்வளவு?

இங்கேதான் முக்கியமான வாதம் இருக்கிறது. 'ரோமில் கொலோசியம் நிற்கிறது, ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் நிற்கிறது. படவேட்டில் என்ன நிற்கிறது? செங்கத்தில் நன்னன் மதில் எங்கே? ஒன்றுமே இல்லாத ஊருக்கு ஆறு மாதம் ப்ளான் பண்ணணுமா?' என்று கேட்பார்கள்.

முதலில், ரோமும் ஏதென்ஸும் எப்போதும் இன்றைய மாதிரி இருந்ததில்லை. உலகையே ஆண்ட ரோமானியப் பொதுமன்றம் பல நூற்றாண்டுகள் மண்மூடி, மாடு மேயும் இடமாகக் கிடந்தது. பெயரே மாட்டுத் திடல் என்ற பொருளில்தான் வழங்கியது. கொலோசியத்தின் கல்லைப் பெயர்த்து வேறு கட்டடங்கள் கட்டினார்கள். 1834ல் கிரேக்க நாட்டின் தலைநகரமாக ஆக்கப்பட்டபோது ஏதென்ஸ் ஒரு சின்ன ஊர்தான். அந்த ஊர்களைத் தேடி வந்தவர்கள் படித்துவிட்டு வந்தார்கள். எது எங்கே இருந்திருக்கும் என்று கேட்டார்கள், அளந்தார்கள், தோண்டினார்கள். அப்புறம்தான் டிக்கெட் கவுன்டர் வந்தது.

இரண்டாவது, நிற்கும் கட்டடத்தைப் படிக்காமல் போய்ப் பார்த்தாலும் கண்ணுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிடும். கட்டடமே இல்லாத ஊரில் படிக்காமல் போனால் கண்ணுக்குக் கிடைப்பது வாழைத்தோப்பு மட்டும்தான். ஆக, ஒன்றும் மிஞ்சாத தலைநகரத்துக்குத்தான் அதிகத் திட்டம் வேண்டும். ராஜகம்பீரன் மலை என்ற பெயர் தெரியாதவருக்கு அது இன்னொரு குன்று. தெரிந்தவருக்கு ஒரு முற்றுகை நடந்த இடம்.

மூன்றாவது, ஒன்றும் இல்லை என்பதே சரியில்லை. செங்கத்தைச் சுற்றிய ஊர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய இருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்ற நூல் 1972ல் வந்தது. அந்தப் பகுதியின் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. பெயர் கோவிவன். எஜமானன் விழுந்த பிறகும் விட்டுப் போகாமல் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். 1,400 வருடத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது! மலைபடுகடாம் 'நடுகல் வந்தால் வணங்கிவிட்டுப் போ' என்று சொன்னதும் இந்த வட்டாரத்து வழியைத்தான்.

போளூர் பக்கத்துத் திருமலையில் 16 அடி உயர நேமிநாதர் சிலையும், முதலாம் ராஜேந்திர சோழனின் கங்கை வெற்றியைச் சொல்லும் பாறைக் கல்வெட்டும் உண்டு. மலைமேல் கீழ்செப்பிலி பக்கம் போனால் பெருங்கற்காலக் கற்திட்டைகள். பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய சின்னச் சின்ன வீடுகள் போல இருக்கும். பாட்டில் வரும் நவிரமலை, கடலாடி பக்கத்துப் பர்வதமலைதான் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. சேயாறு இன்றைய செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து, குப்பநத்தம் அணையைத் தாண்டி, செங்கம் வழியாகப் போய்ப் பாலாற்றில் சேர்கிறது. மதில் போய்விட்டது. ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, வழி இருக்கிறது. பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

மலையில் இருப்பவர்கள்

திட்டத்தில் எப்போதும் விட்டுப்போவது மனிதர்கள். ஜவ்வாது மலையில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், மலைக்காரர்கள் என்ற பொருள்தான். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடம் வழங்கும் கதை. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் போய் 'சேச்சி, சுகமா?' என்று ஜோக் அடித்துவிட்டு வரும் கூட்டங்கள் உண்டு. அவமானம் மலைக்காரர்களுக்கு இல்லை.

இன்னொரு விஷயம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலையும் அதன் அடிவார ஊர்களும் அந்தச் செய்தியில் திரும்பத் திரும்ப வந்தன. சாமையும் புளியும் பலாவும் தேனும் விளைகிற மலையிலிருந்து ஏன் ஆட்கள் உயிரைப் பணயம் வைத்து இன்னொரு மாநிலத்துக் காட்டுக்குப் போக வேண்டும்? விளைந்ததற்கு விலை இல்லை, மலையில் வேலை இல்லை என்பதுதான் பதிலின் பெரும்பகுதி.

ஒரு நாள் பைக் பயணம் இந்த மலைக்கு என்ன கொடுக்கிறது என்று கணக்குப் போட்டால் பகீர் என்கிறது. சாப்பாடு கீழே வாங்கியது. தண்ணீர் பாட்டில் கீழே வாங்கியது. பெட்ரோலும் கீழே. மேலே விட்டுவிட்டு வருவது காலி பாட்டிலும் பிளாஸ்டிக் தட்டும். ரோமுக்குப் போகிறவர் ஒரு காபிக்குக் கூட அந்த ஊரில் காசு கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். இங்கே மட்டும் விருந்தாளி சோற்றுமூட்டையோடு வந்து குப்பையை விட்டுவிட்டுப் போகிறார். மலைபடுகடாமில் வரும் கூத்தர்கள் பரம ஏழைகள், அவர்கள் மலைக்காரர்களிடம் சாப்பிட்டார்கள் என்றால் பதிலுக்குப் பாட்டும் ஆட்டமும் கொடுத்தார்கள்.

அதனால் நல்ல திட்டம் என்பது சரித்திரம் படிப்பதோடு முடியாது. ஜமுனாமரத்தூரில் ஒரு வேளையாவது சாப்பிடுவது, சாமையும் தேனும் மலையிலேயே வாங்குவது, விலையில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாமல் இருப்பது, போட்டோ எடுக்குமுன் 'எடுக்கலாங்களாம்மா' என்று கேட்பது, கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கீழே கொண்டுவருவது. இதெல்லாம் தர்மம் இல்லை. விருந்துக்குப் போகிறவரின் குறைந்தபட்ச மரியாதை.

'அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே, மலையாவது பிழைக்கும்' என்று சொல்பவர்களும் உண்டு. கேட்க உயர்வாக இருக்கும். ஆனால் யாரும் வராத இடத்தில் நடுகல் துணி துவைக்கும் கல்லாகிவிடும், கற்திட்டையின் பலகை வேலிக்குப் போய்விடும். பார்க்க யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் ஊரும் அதைப் பத்திரமாக வைத்திருக்கும். பிரச்சினை போவதில் இல்லை. போகிற விதத்தில்.

சரி, எப்படித்தான் போவது?

ஒரு நாள் போதாது, மூன்று நாள் வேண்டும். இதுதான் முதல் விதி.

1. முதல் நாள் படவேடு. காட்பாடி-விழுப்புரம் ரயில் பாதையில் போளூரில் இறங்கலாம், வேலூரிலிருந்து கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் பஸ்ஸிலும் வரலாம். ஆடி மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. பக்திக்காகப் போகிறவர்களுக்கு ஆடிதான் சரி, ஆனால் தலைநகரத்தைத் தேடிப் போகிறவர்களுக்குக் கூட்டத்தில் எதுவும் தெரியாது. ரேணுகாம்பாள், யோக ராமர், அப்புறம் ஊரைச் சுற்றி ஒரு நீண்ட நடை. கோட்டைமலைக்கு ஏறுவதாக இருந்தால் ஊரில் விசாரித்து, காலையிலேயே கிளம்ப வேண்டும்.

2. இரண்டாம் நாள் சனிக்கிழமையாக அமைவது உத்தமம். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூர். கற்திட்டைகளுக்கு உள்ளூர் ஆள் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சாயங்காலம் காவலூர். 1968ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பித்த வானாய்வகம் அது. வைணு பாப்பு பெயரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ல் வந்தது. 1988ல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்களை வழக்கமாகச் சனிக்கிழமைகளில்தான் அனுமதிப்பார்கள், கிளம்புமுன் உறுதி செய்துகொள்வது புத்திசாலித்தனம். மழைக்காலத்தில் மேகம் தவிர ஒன்றும் தெரியாது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு.

3. மூன்றாம் நாள் மலையின் தெற்குப் பக்கம், செங்கம். ரிஷபேஸ்வரர் கோயில், வேணுகோபால பார்த்தசாரதி கோயில், செய்யாறு. நேரம் இருந்தால் நடுகல் ஊர் ஒன்று. சுமார் 4,500 அடி உயரமுள்ள பர்வதமலை ஏறுவதாக இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அதைக் 'கூடவே முடித்துவிடலாம்' என்று சேர்ப்பவர்கள் பாதி மலையில் உட்கார்ந்துவிடுவார்கள் :-)

கிளம்புவதற்கு முன்பு ஒரு மாதம் முழுதாக இருக்கட்டும். அந்த மாதத்தில் மலைபடுகடாமை உரையோடு ஒரு தடவை படித்துவிடலாம். 583 அடி என்பது பயமுறுத்தும் எண் இல்லை. நூலகத்தில் உரை கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும். தமிழாசிரியரிடம் போய் 'இதை வைத்து ஒரு மேப் போடலாமா?' என்று கேட்டால் அவர் சந்தோஷத்தில் கூடவே கிளம்பிவிடவும் வாய்ப்புண்டு.

'இவ்வளவு திட்டம் போட்டால் ஜாலி போய்விடாதா?' என்பது கடைசிக் கேள்வி. ஜாலி போகாது. அருவி அங்கேயேதான் இருக்கும், குளிக்கலாம். படகும் இருக்கும். திட்டம் என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் அட்டவணை போட்டு ஓடுவது இல்லை. எதைக் கடந்து போகிறோம் என்று தெரிந்து போவது. பாட்டில் வரும் கூத்தர்களும் ஜாலியான ஆட்கள்தான். முழவும் யாழும் குழலுமாகக் கும்பலாக நடந்தவர்கள். ஆனால் எந்தக் கரை வழுக்கும் என்று அவர்களுக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

போய்வந்த பிறகு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. போட்டோவுக்குக் கீழே 'செம ப்ளேஸ்' என்று எழுதுவதற்குப் பதிலாக, எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருந்தது, எந்தப் பாறைப் பக்கம் போகக்கூடாது என்று நாலு வரி எழுதி வைக்கலாம். பின்னால் வருகிறவர்களுக்காகப் பாதை பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வைக்கச் சொன்ன ஊர் அது.